ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனால் அப்பா நன்றாக இல்லை. எதை ஆரோக்கியம் என்று சொல்வது?

மூன்றாம்மாடி கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, கஜா புயலுக்கு மறுவருஷம், 2019-இல் ஓய்வு பெற்றார். மன்னார்குடி பக்கம் கிராமம். நாங்கள் இருப்பது மேடவாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு. எனக்கு மகன் பிறந்த பிறகு அப்பாவும் அம்மாவும் இங்கேயே வந்துவிட்டார்கள். ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

சில மாதமாக அப்பா சரியில்லை. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். சாப்பாடு குறைந்துவிட்டது. விடிகாலை மூன்றரை நாலு மணிக்கே எழுந்து பால்கனியில் உட்கார்ந்துகொள்கிறார். பேப்பர் வந்தால் எடுப்பார், முதல் பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே மடியில் வைத்திருப்பார். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது, கை கால் அசதியாக இருக்கிறது என்று அடிக்கடி சொன்னதால் பயந்துபோய் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தோம். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், சர்க்கரை, கொழுப்பு, கிட்னி, லிவர் எல்லாமே நார்மல். டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசில் இப்படி ஒரு ரிப்போர்ட் வருவதே அபூர்வம், ஜம்முனு இருக்கீங்க" என்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். வீடு வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே வீட்டில் அம்மா. பல வருஷமாகச் சர்க்கரை, இரண்டு முட்டியும் தேய்மானம், பிபிக்குத் தனி மாத்திரை. ஆனால் காலையில் பூப்பறிக்கக் கீழே போனால் இரண்டு பிளாக் செய்தியையும் கொண்டுவந்துவிடுவார். பேரனை வேன் ஏற்றிவிடுவது, வெள்ளிக்கிழமை பாராயணக் குழு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பத்தியச் சமையல் சொல்லிக்கொடுப்பது என்று முட்டியைப் பிடித்துக்கொண்டே நாள் முழுக்க ஓடுகிறார்.

ஊரில் அப்பா எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். லேசாகக் காற்றடித்தாலே போன் அடிக்க ஆரம்பிக்கும். "அண்ணே, த்ரீ ஃபேஸ் எப்ப வரும்?", "டிரான்ஸ்ஃபார்மர்ல பொறி பறக்குதுண்ணே", "எங்க தெருவுல மட்டும் பீஸ் போயிடுச்சு." பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போவார், அம்மா திட்டிக்கொண்டே தட்டை மூடி வைப்பார். கஜா சமயத்தில் டெல்டா முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, வெளிமாவட்டத்தில் இருந்து வந்த ஆட்களுக்கு வயல் நடுவில் எந்த லைன் எங்கே போகிறது என்று காட்ட அப்பாதான் முன்னால் நடந்தார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த ராத்திரி அவருக்கு ஆரத்தி எடுத்தார்கள்.

இங்கே கரண்ட் போனால் சில விநாடியில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிடுகிறது, போனதே யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் தெரிகிறது. எழுந்து ஜன்னலுக்குப் போய், எதிர்வரிசையில் எந்த வீட்டில் லைட் எரிகிறது, தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, "ஒரு ஃபேஸ்தான் போயிருக்கு" என்பார். அதைக் கேட்டுக்கொள்ள இங்கே யாருக்கும் தேவை இல்லை.

இந்த இரண்டு பேரில் யார் ஆரோக்கியமானவர்? அப்பாவுக்கு என்ன செய்வது? இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

---

ஆரம்பசுகாதாரம் எழுதியது:

நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் தாமதம் கூடாது.

மாஸ்டர் செக்கப்பில் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். அந்த மனிதர் காலையில் எதற்காக எழுந்திருக்கிறார் என்று அதில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் எழுதியதில் விடிகாலை விழிப்பு, பசிக்குறைவு, அசதி, நெஞ்சடைப்பு, பேப்பரில் மனம் செல்லாதது என்று வரிசையாக வருகிறதே, இதயப் பரிசோதனைகள் சரியாக இருக்கும் நிலையில் நான் முதலில் மனச்சோர்வு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். வயதானவர்கள், முக்கியமாக நம்மூர் ஆண்கள், "மனசு சரியில்லை" என்று வந்து உட்கார மாட்டார்கள். நெஞ்சு அடைக்குது, வயிறு எரியுது, உடம்பெல்லாம் வலி என்றுதான் சொல்வார்கள். அது நடிப்பில்லை, அந்த வலி உண்மையாகவே இருக்கும்.

வீட்டிலேயே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? முன்பு பிடித்த காரியங்களில் விருப்பம் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் விரிவாகப் பேச வேண்டும். முதியவர்களுக்கென்றே ஆம், இல்லை என்று பதில் சொல்கிற 15 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதே நேரம், எல்லாம் மனசுதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், ரத்தத்தில் சோடியம் இவையெல்லாம் பார்த்தாயிற்றா? தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் ஆள் இதே மாதிரி ஒடுங்கிப்போவார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். ஞாபகசக்தியையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் காது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நாலு பேர் பேசும் இடத்தில் வார்த்தை பிடிபடாதவர்கள் மெல்ல மெல்ல அந்த இடத்துக்கே போவதை நிறுத்திவிடுவார்கள், வீட்டில் இருப்பவர்கள் அதை அமைதியான சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமாகப் போடுகிறார் என்றால் அவருக்கும் பி12 பார்த்துவிடுங்கள். அந்த மாத்திரை நாளாக நாளாக பி12-ஐக் குறைக்கும்.

---

நிழற்குடை எழுதியது:

டாக்டர் இரண்டாவது கேள்விக்குச் சொல்லிவிட்டார். முதல் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார தினம் கொண்டாடுவதும் அந்த நாளில்தான். அதன் முகப்பிலேயே, நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றிலும் முழுமையான நலமே ஆரோக்கியம் என்று எழுதி வைத்தார்கள். உலகப் போர் முடிந்த கையோடு எழுதியது. அந்த நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநர் பிராக் சிஷோம் கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர், முதல் உலகப் போரில் சிப்பாயாகச் சண்டை போட்டவர். மனம், சமூகம் என்கிற இரண்டையும் உடம்போடு சேர்த்து வைத்தவர்கள் மனிதர்கள் எப்படிச் சிதைவார்கள் என்று கண்ணால் பார்த்தவர்கள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "முழுமையான" என்று போட்டுவிட்டதால் உங்கள் அம்மா சாகும்வரை ஆரோக்கியமானவர் ஆக முடியாது, சர்க்கரை இருக்கிறதே. சர்க்கரையும் பிபியும் உள்ள அத்தனை பேரும் அந்தக் கணக்கில் நோயாளிகள்தான். இதைக் கேள்வி கேட்டு 2011-இல் நெதர்லாந்து மருத்துவர் மாக்டெல்ட் ஹூபரும் சிலரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். உடம்பிலோ மனதிலோ வாழ்க்கையிலோ வருகிற சிரமத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு தன் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்கிற திறன்தான் ஆரோக்கியம் என்பது அவர்கள் வாதம். அதன்படி மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டு, முட்டி வலிக்கு ஏற்றபடி வேலையை மாற்றிக்கொண்டு, புது ஊரில் புது மனிதர்களைச் சேர்த்துக்கொண்ட உங்கள் அம்மா நல்ல ஆரோக்கியம். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தும் வந்த இடத்தில் வேர் பிடிக்காத உங்கள் அப்பா ஆரோக்கியமாக இல்லை. என் பதில் இதுதான், தயங்காமல் சொல்கிறேன்.

ஹூபர் குழு பிறகு ஆரோக்கியத்தை ஆறு பகுதியாகப் பிரித்தது. உடல், மனம், வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருப்பது, வாழும் தரம், மற்றவர்களோடு பங்கெடுப்பது, அன்றாடக் காரியங்கள். இதில் எது முக்கியம் என்று கேட்டபோது நோயாளிகள் ஆறையும் ஏறக்குறைய சமமாகச் சொன்னார்கள். மருத்துவர்களின் பார்வை உடம்புப் பக்கம் குறுகியிருந்தது. உங்கள் அப்பாவுக்குக் கை கொடுத்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை, அவர் கையில் இருந்த ஃபைலில் ஆறில் ஒரு பகுதிதான் இருந்தது.

மற்றவர்களோடு இருப்பது மனசுக்கு இதம் என்ற அளவில் நிற்கிற விஷயமும் இல்லை. 2010-இல் அமெரிக்காவில் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 148 ஆய்வுகளை, மொத்தம் 3,08,849 பேரின் தகவலை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. 2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்றும் வருஷத்துக்குச் சுமார் 8,71,000 மரணங்கள் அதோடு தொடர்புடையவை என்றும் சொல்கிறது. மகன், மருமகள், பேரன் எல்லோரும் இருக்கிற வீட்டில் தனிமையா என்று கேட்காதீர்கள். தனிமை வீட்டில் எத்தனை தலை இருக்கிறது என்பதைப் பொறுத்து வருவதில்லை.

---

பழைய டெப்போ எழுதியது:

தம்பி, நான் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாவுக்கு இரண்டு வயது மூத்தவன். டாக்டர் சொன்ன டெஸ்ட் எல்லாம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. வேலை போன மனுசனுக்கு வருகிற துக்கத்தை உடனே வியாதி என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

அதிகாலை முதல் டிரிப் எடுத்தவனுக்கு ரிட்டையர் ஆன பிறகும் அந்த நேரத்துக்கு முழிப்பு வரும். எழுந்து என்ன செய்வது? ரூட்டில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எனக்காக ஆள் நின்றார்கள். பால்காரர், டவுனுக்குப் போகிற டீச்சர், காலேஜ் பிள்ளைகள். ஐந்து நிமிஷம் லேட்டானால் ஏன் லேட்டு என்று கேட்பார்கள். ஒருநாள் கையெழுத்துப் போட்டு, மாலை போட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மறுநாள் பஸ் அதே நேரத்துக்கு வேறு டிரைவரோடு போகிறது. இதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு வழி பிறந்தது ஓய்வூதியர் சங்கத்தில். பென்ஷன் தாள் சரியாக வராதவர்கள், வருஷாந்திர நேர்காணலுக்குப் போகத் தெரியாதவர்கள், குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைகிற விதவைப் பெண்கள், இவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து ஆபீஸுக்குக் கூடப் போவேன். இப்போது என் போன் மறுபடி அடிக்கிறது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் சங்கங்கள் இருக்கின்றன, விசாரித்துச் சேர்த்துவிடுங்கள்.

பார்க்கில் நடங்கள், யோகா செய்யுங்கள், பேரனோடு விளையாடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் இவர் இன்றைக்கு நடக்கவில்லை என்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. இவர் வராவிட்டால் ஒரு காரியம் நிற்கும் என்கிற மாதிரி ஏதாவது வேண்டும். உங்கள் அடுக்குமாடியில் மின்சார அறை, ஜெனரேட்டர், மோட்டார், லிஃப்ட் எல்லாம் இருக்குமே, அதைப் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன் பையன் ஒருத்தன் இருப்பான். எர்த்திங் சரியாக இருக்கிறதா, டி.பி. பாக்ஸில், அதாவது கரண்டைப் பிரித்து அனுப்புகிற பெட்டியில், லோடு எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்லி அசோசியேஷனில் பேசுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு லைன்மேன் கண்ணில் அது பட்டால் எத்தனையோ பேருக்கு நல்லது. ஏணியில் மட்டும் ஏறவிடாதீர்கள்.

மாதத்தில் சில நாளாவது அவரை ஊருக்கு அனுப்புங்கள். பூட்டின வீட்டைத் திறந்து விளக்கேற்றட்டும்.

---

மழைக்காலம் எழுதியது:

எல்லோரும் அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மா ஆரோக்கியம் என்று முத்திரையும் குத்தியாகிவிட்டது. நான் மருமகளாகவும் மகளாகவும் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள், அதனால் கேட்கிறேன். அம்மாவை உட்காரவைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டீர்களா?

விடிகாலை மூன்றரைக்கு அவர் எழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்குவாரா? தட்டில் சாப்பாடு மிஞ்சினால் அதைப் பார்த்து முதலில் மனசு உடைவது யாருக்கு? "முட்டியைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். விரும்பி ஓடுகிறாரா, உட்கார்ந்தால் வேலை நின்றுவிடும் என்று ஓடுகிறாரா? அப்பாவுக்கு 2019-இல் ஓய்வு கிடைத்தது. அம்மாவுக்கு எந்த வருஷம்?

வேலை இருப்பதுதான் ஆரோக்கியம் என்றால் நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பயில்வான்களாக இருக்க வேண்டும். பழைய டெப்போ ஐயா சொன்னது சரி, தேவைப்படுகிற ஆளாக இருப்பது மனிதருக்கு வேண்டும்தான். ஆனால் எப்போதும் எல்லோருக்கும் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தாலும் ஆள் தேய்ந்துபோவார். அம்மாவுக்கு அந்த வெள்ளிக்கிழமைக் குழு இருப்பது நிஜமாகவே நல்ல விஷயம், அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கெடுத்துவிடாதீர்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று முதலில் அம்மாவின் வெள்ளிக்கிழமையில்தான் கை வைப்பார்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் மனைவியோடு உட்கார்ந்து படித்தேன்.

தைராய்டு, சோடியம் சரியாக இருக்கிறது. பி12 குறைவு, ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். காது விஷயம் அப்படியே பொருந்துகிறது. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார், போனில் பேசும்போது வலது காதுக்கு மாற்றுவார். அவர் பேச்சைக் குறைத்ததையும் இதையும் நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு கேள்வியை பால்கனியில் அவரோடு உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். எதிலும் மனசு போகவில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, "இனிமே இருந்து என்ன ஆகப்போவுது" என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மனநல மருத்துவர் என்று பேச்செடுத்ததும், "நான் என்ன பைத்தியமா" என்று எழுந்து போய்விட்டார்.

அம்மாவிடமும் கேட்டேன். ராத்திரி அவர் எழுந்தால் தானும் விழித்துக்கொண்டு அவர் மூச்சு சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பதாகச் சொன்னார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். மழைக்காலம் அவர்களுக்குத் தனியாக நன்றி.

இப்போது அவரை மருத்துவரிடம் எப்படிக் கூட்டிப்போவது?

---

கீழவாசல் எழுதியது:

மனநல சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். உங்கள் கடைசிப் பதிவில் உள்ள ஒரு வாக்கியத்துக்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

"இருந்து என்ன ஆகப்போவுது" என்று வயதானவர் சொன்னால், வயதானவர்கள் பேச்சு என்று தள்ளக் கூடாது. நேராகவே கேளுங்கள். "அப்பா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலரும் பயப்படுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, பெரும்பாலும் பாரம்தான் குறையும். ஆமாம் என்றாலோ, மழுப்பினாலோ, அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளை, முக்கியமாக அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளை, உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி பால்கனி என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே பேச வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அப்பா பேச மாட்டார் என்றால் நீங்களே பேசி என்ன செய்வது என்று கேட்கலாம்.

கூட்டிப்போவதற்கு வழி: "மனநல மருத்துவர்" என்று தொடங்காதீர்கள். அவருக்குத் தொந்தரவு தருவது எது? தூக்கமும் நெஞ்சடைப்பும். "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அவர் நம்புகிற பொது மருத்துவரிடமே முதலில் போனாலும் சரி, மிதமான மனச்சோர்வுக்கு அவர்களும் சிகிச்சை தொடங்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, ஊருக்குப் போனால் அங்கேயும் தொடரலாம். மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளுக்கு ஆள் அடிமையாவதில்லை. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துவதும், நன்றானதும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும்தான் அடிக்கடி நடக்கிறது. பயப்பட வேண்டியது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைக்குத்தான். அந்த வயதில் அதனால் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு உடையும்.

பழைய டெப்போ ஐயாவோடு எனக்குப் பாதி உடன்பாடு. துக்கம் வேறு, நோய் வேறு, உண்மை. ஆனால் துக்கம் பசியையும் தூக்கத்தையும் வாரக்கணக்கில் தின்ன ஆரம்பித்துவிட்டால் சங்கத்தில் சேரச் சொன்னாலும் அவரால் போக முடியாது. எழுந்து சட்டை போடுவதே மலையாக இருக்கும். அங்கே சிகிச்சை வேண்டும். சிகிச்சை மட்டும் இருந்து, எழுந்து போக ஓர் இடம் இல்லை என்றால் அதுவும் நிற்காது.

இதற்கு ஒரு நல்ல ஆதாரம் கோவாவில் இருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்ட, மனச்சோர்வின் விளிம்பில் இருந்த 181 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரிடம், டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வந்து பேசினார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. இருக்கிற பிரச்சினையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துத் தீர்க்கப் பழக்குவது, தூக்கத்தைச் சரி செய்வது, சர்க்கரை பிபியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது, அரசு உதவிகளை வாங்க வழிகாட்டுவது. ஒரு வருஷத்தில் அவர்களில் 4.4 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு முற்றியது, மற்ற பாதியில் 14.4 சதவீதம். 2019-இல் வெளிவந்தது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இலிருந்து பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மரப் பெஞ்சு போட்டு உட்காரவைத்திருக்கிறார், வருகிறவர்கள் அவர்களிடம் பேசுகிறார்கள். 2016-இல் அந்த வழி பலன் தருகிறது என்று முறையான ஆய்விலும் தெரிந்தது.

வீட்டில் நீங்கள் தொடங்க ஒன்று: படுக்கும் நேரம் எப்படி இருந்தாலும் எழுகிற நேரத்தை ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள், பகல் தூக்கம் வேண்டாம், காலை வெயிலில் வெளியே போகட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம், முடிக்கக்கூடியதாக. மூன்றாவது நாளில் நின்றாலும் மறுபடி தொடங்கலாம்.

காப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். பாலிசியை எடுத்து நிபந்தனைகளைப் படித்து வையுங்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

கேட்டேன். அந்த எண்ணம் இல்லை, ஆனால் தூங்கினால் அப்படியே போய்விட்டால் தேவலை என்று சில நாள் தோன்றுவதாகச் சொன்னார். 14416-இல் நான் பேசினேன், பொறுமையாகக் கேட்டுச் சொன்னார்கள். "தூக்கத்துக்கு டாக்டர்" என்றதும் வருகிறேன் என்றுவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனை, அன்றைக்கே அம்மாவின் முட்டியையும் காட்ட வேண்டுமாம். இந்த வாரமே போகிறோம். மாத்திரைகள் என் அலமாரியில். அசோசியேஷன் செயலாளரிடம் மின்சார அறை பற்றிப் பேசினேன், அவர் நேரில் வந்து அப்பாவைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

காது பரிசோதனைக்கும் தேதி வாங்கியாயிற்று. மெஷின் வைக்கச் சொன்னால் எதைக் கவனிக்க வேண்டும்? ஊரில் இரண்டு பேர் வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள்.

---

ஆரம்பசுகாதாரம் எழுதியது:

நல்லது. தூங்கினால் அப்படியே போய்விடலாம் என்று தோன்றுவதை அந்த டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அப்பா தானாகச் சொல்ல மாட்டார்.

மெஷினுக்கு முன்னால் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சில பேருக்கு அதை எடுத்ததுமே பாதி சரியாகிவிடும். மெஷின் தேவை என்றால் கேட்டல் பரிசோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் அவர் காதுக்கு ஏற்றபடி ட்யூன் செய்து தர வேண்டும், கடையில் கிடைப்பதை அப்படியே வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் வைத்துப் பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். முதலில் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டு எரிச்சல் வரும், தட்டு வைக்கிற சத்தம்கூட அடிக்கிற மாதிரி இருக்கும். பெட்டியில் போய் உட்காருவது அந்தக் கட்டத்தில்தான். அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டட்டும். சில வாரம் கழித்து மறுபடி ட்யூன் செய்ய ஒருமுறையாவது போக வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்தே காசு பேசிவிடுங்கள்.